மூன்று ரிவிப் பதிவுகளிலிருந்து ஒரு படம்: கோளாறு பார்த்து மீட்கும் வழி

யாழ்ப்பாணத்தில் 1970களில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தை நாங்கள் சிலர் சேர்ந்து மீட்டுக்கொண்டிருக்கிறோம். உரிமையுள்ள குடும்பத்தோடு இன்னும் கதைத்துக்கொண்டிருப்பதால் படத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிலிம் பிரதி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் மூலப் பிரதிகள் அதோடு போய்விட்டன. மிஞ்சியவற்றில் எத்தனை போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்தன என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் படத்துக்கு எஞ்சியது ரிவியில் போனபோது வீடுகளில் பிடித்து வைத்த மூன்று பதிவுகள் மட்டும்தான்.

ஒன்று, 80களில் கொழும்பு அலைவரிசை ஒன்று போட்டபோது நல்லூரில் ஒரு வீட்டில் பதிந்த வி.எச்.எஸ். கசெற். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த கசெற் அது. இரண்டாவது, லண்டனில் செய்மதி அலைவரிசையிலிருந்து டிவிடி ரெக்கோடரில் பதிந்த டிஸ்க். மூன்றாவது, ரொறன்ரோவில் பதிந்த கசெற். இனி இவற்றை நல்லூர், லண்டன், ரொறன்ரோ என்றே சொல்கிறேன்.

எந்தக் கோளாறைக் கண்டாலும் அதைத் திருத்தப் போகுமுன் அது எங்கே பிறந்தது என்று பாருங்கள். பிலிம் பிரதி, நிலையத்தில் பிலிமை வீடியோவாக்கிய டெலிசினி, வீட்டு அன்ரெனா, பதிவு செய்த டெக் (வீடியோ ரெக்கோடர்), கசெற் கிடந்த இடம், இன்று ஓட்டுகிற டெக், கணினிக்குள் எடுக்கிற கருவி என்று ஏழு இடங்கள் இருக்கின்றன. மூன்று பதிவிலும் ஒரே ஃபிரேமில் ஒரே கீறல் தெரிந்தால் அது பிலிமில் பிறந்தது. ஒரு பதிவில் மட்டும், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில் வந்தால் அது அந்தக் கசெற்றில் இருக்கிறது. ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் இன்றைய டெக்கைப் பாருங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் நாங்கள் முதல் இரண்டு மாதத்தை வீணாக்கினோம்.

கசெற்றின் கண்ணாடி வழியாக வெள்ளைத் தூள் தெரிகிறது

பூஞ்சணம். டெக்கில் போட வேண்டாம். ஒரு பூஞ்சணக் கசெற்றை ஓட்டினால் அது நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கசெற்றுக்கும் போய்விடும். எங்கள் ஊர் ஈரமும் உப்புக் காற்றும் இதற்கு நல்ல தோது. முற்றத்து வெயிலில் காயப் போடலாம் என்று கை போகும். போடாதீர்கள், சூட்டில் நாடா நெளிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து தூளாகும். அப்புறம் முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, அடியிலுள்ள ஐந்து ஸ்க்ரூக்களையும் கழற்றிச் சுருளை வெளியே எடுங்கள். தும்பு விடாத துணியில் 99 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டு விளிம்புகளைத் துடையுங்கள். நாடாவின் முகத்தில் விரல் படக் கூடாது. பிறகு சுருளைச் சுத்தமான வேறு கூட்டுக்குள் மாற்றி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய டெக்கில் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். அந்த டெக்கில் வேறு எந்தக் கசெற்றையும் பிறகு போட வேண்டாம்.

படம் முழுக்கப் பனி கொட்டுகிறது, அல்லது ஒரு பட்டை மட்டும் கலங்குகிறது

கொக்குவிலில் டெக் திருத்துகிற ஐயா ஒருவரிடம் நல்லூர்க் கசெற்றைக் கொண்டுபோனபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, கசெற்றில பிழை பிடிக்க முதல் ஹெட்டைத் துடைச்சுப் பார்.” அவர் சொன்னது சரி. முக்கால்வாசிப் பனி துடைத்ததோடு போய்விட்டது.

நன்றாக ஓடும் என்று தெரிந்த ஒரு கசெற்றை அதே டெக்கில் போட்டுப் பாருங்கள். அதிலும் பனி என்றால் டெக்தான். நல்ல கசெற் தெளிவாக ஓடி, உங்கள் கசெற்றில் மட்டும் ஒரு பட்டை கலங்கினால், ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்துகிற ட்ராக்கிங்கைத் திருப்பிப் பாருங்கள். பதிந்த டெக்கும் ஓட்டுகிற டெக்கும் கொஞ்சம் வேறுபட்டாலே இது வரும். இரண்டு, மூன்று டெக்குகளில் மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்கு நிகரான மருந்து இல்லை. பல வருடம் பெட்டிக்குள் கிடந்த டெக்கில் முக்கியமான கசெற்றை முதலில் போடவே போடாதீர்கள். பெல்ட் தளர்ந்து, நாடாவை அழுத்தி நகர்த்துகிற பிஞ்ச் ரோலர் இறுகியிருக்கும், நாடாவைச் சாப்பிட்டுவிடும்.

ஹெட்டைத் துடைத்தும், டெக்கை மாற்றியும் போகாத பனி பதியும்போதே அன்ரெனா வழியாக வந்தது. அதை இந்தக் கசெற்றிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே பனிதான் அதே புள்ளியில் விழும். அந்த இடங்களுக்கு மற்றப் பதிவுகள் வேண்டும்.

மெல்லிய சாய்கோடுகளோ படுக்கைக் கோடுகளோ படத்தின் மேல் ஓடுகின்றன

கொடைக்கானல் தூர்தர்ஷனைப் பாக்கு நீரிணை தாண்டிப் பிடித்துப் பார்த்த ஊர் இது. உயரமான குழாயில் அன்ரெனாவும் பூஸ்டரும் வைத்து, ஒருவர் கீழே நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளே இருந்து “காணும், காணும்” என்று கத்திய காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். வெப்ப நாட்களில் கடலுக்கு மேல் காற்று அடுக்கடுக்காக நின்று அலைகளைத் தூரத்துக்குக் கடத்தும். அதனால் தூரத்து அலைவரிசை தெளிவாகக் கிடைத்தது. அதே காரணத்தால் அது உள்ளூர் அலைவரிசையின் மேல் ஏறிக் கோடுகளாகவும் விழுந்தது. நல்லூரில் 14 நிமிடம் அப்படித்தான் கிடக்கிறது. கோடுகள் ஒரே சீராக இருந்தால் அதிர்வெண் வடிகட்டி கொஞ்சம் உதவும். ஆனால் சாரத்தின் கோடுகளையும் ஓலை வேலியின் பின்னலையும் சேர்த்து அது அழிக்கும். நான் வடிகட்டவில்லை. அந்த 14 நிமிடத்துக்கும் ரொறன்ரோவை எடுத்தேன்.

ஒரு மங்கல் பட்டை மேலும் கீழுமாக மெல்ல நகர்கிறது

இது மின்சாரத்தின் முணுமுணுப்பு. நிலையம் வினாடிக்குச் சரியாக 50 ஃபீல்ட் (ஒன்றுவிட்டொரு வரிகள் மட்டும் கொண்ட பாதிப் படம்) அனுப்பும். வீட்டு மின்சாரம் அதே 50 ஹேர்ட்ஸில் நின்றால் பட்டை ஏறக்குறைய ஓரிடத்தில் நிற்கும். ஜெனரேட்டர் 48க்கோ 52க்கோ போனால் அந்த வித்தியாசத்தின் வேகத்தில் பட்டை ஓடும். பட்டையின் ஓட்டத்தைப் பார்த்தே அன்று ஜெனரேட்டரில்தான் பதிந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இங்கேதான் பல பதிவுகளின் பலன் தெரியும். நல்லூரையும் மற்றொரு பதிவையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்திய பிறகு, ஒவ்வொரு வரியின் சராசரி வெளிச்சத்தையும் இரண்டிலும் எடுத்துக் கழியுங்கள். மிஞ்சும் அலைதான் பட்டை. அதை மென்மையாக்கி நல்லூரிலிருந்து கழித்தால், படத்தின் நுணுக்கம் எதுவும் குறையாமல் பட்டை மட்டும் போகும்.

மேல் விளிம்பு வளைகிறது, நேரான தூண் நடுங்குகிறது

நாடா நேரத்தைச் சரியாகக் காக்காததால் ஒவ்வொரு வரியும் சற்று முந்தியோ பிந்தியோ தொடங்குகிறது. இதற்கு மென்பொருள் மருந்து தேட வேண்டாம். வரிக்கு வரி நேரம் திருத்தும் டி.பி.சி. உள்ள எஸ்-வி.எச்.எஸ். டெக்கில் ஓட்டினால் தூண் நேராக நிற்கும். இதைச் சரி செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாது; நடுங்குகிற இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மங்கல்தான் கிடைக்கும். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து தெரிவது கோளாறு இல்லை. ஹெட் மாறுகிற இடம் அது, எல்லா வி.எச்.எஸ்.ஸிலும் இருக்கும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கணினிக்குள் எடுக்கும்போது இலங்கை, பிரித்தானிய ரிவி முறையான பால் (PAL) பதிவு என்றால் 720க்கு 576, வட அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்றால் 720க்கு 480, இன்டர்லேஸ் (இரண்டு ஃபீல்டும் வரிவரியாகப் பின்னிய நிலை) கலையாமல், இழப்பில்லாத எஃப்.எஃப்.வி.1 அல்லது ஹஃப்.ஒய்.யு.வி. வடிவத்தில் எடுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். இடம் போதாது என்று எம்.பி.4க்கு இறங்காதீர்கள்.

வெள்ளைக் கீற்றுகள் மின்னி மறைகின்றன

நாடாவின் பூச்சு உதிர்ந்த இடத்திலோ தூசி ஒட்டிய இடத்திலோ வருவது. ஒரே கசெற்றை ஐந்து தடவை ஓட்டி ஐந்தையும் பதிந்துகொள்ளுங்கள். அவிசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் ஐந்தையும் அடுக்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுத்தால், ஒரு தடவை மட்டும் விழுந்த கீற்று தானாக விலகிவிடும். சராசரி எடுக்காதீர்கள், சராசரியில் கீற்று மங்கித் தங்கும், நடு மதிப்பில் தங்காது. கீற்றெல்லாம் போன பிறகு, டெக்கால் வந்த இரைச்சலுக்குச் சராசரி எடுக்கலாம். நான்கைச் சேர்த்தால் அந்த இரைச்சல் பாதியாகும்.

ஐந்து தடவையும் அதே இடத்தில் கீற்று வந்தால் பூச்சே இல்லை என்று பொருள். வேறு பதிவிலிருந்து ஒட்ட வேண்டியதுதான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமும் மஞ்சளும் மிதக்கின்றன

நிறத் தகவல் முழுவதையும் தூக்கி எறியுங்கள். அந்த நிறம் படத்துக்குச் சொந்தமில்லை. ஒரே ஒரு கட்டளையில் இந்த வேலை முடியும்.

அசைகிற இடத்தில் சீப்புப் பல் தெரிகிறது

பலரும் உடனே டீஇன்டர்லேஸ் செய்துவிடுகிறார்கள். பிலிம் படத்துக்கு அது தேவையில்லாத சேதம். பாதி வரிகளைக் கற்பனையில் நிரப்புகிறீர்கள். உண்மையான வரி பக்கத்து ஃபிரேமிலேயே இருக்கிறது.

நல்லூரும் லண்டனும் பால் முறை, வினாடிக்கு 25 ஃபிரேம். ஒரு பிலிம் ஃபிரேமின் இரண்டு பாதிகளும் சில வேளை இரண்டு வீடியோ ஃபிரேமில் பிரிந்து கிடக்கும். டி.எஃப்.எம். போன்ற ஃபீல்ட் பொருத்தும் கருவி அவற்றைத் திரும்பச் சேர்த்துவிடும். ரொறன்ரோ என்.டி.எஸ்.சி., வினாடிக்கு 29.97. அதில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். மூன்று சுத்தம், இரண்டு சீப்பு என்று ஐந்துக்கு ஒருமுறை சுழன்றால் நல்ல காலம். பிலிமிலிருந்து நேரே வந்தது. ஃபீல்ட் பொருத்தி, ஐந்தில் ஒன்றை நீக்கினால் 23.976க்கு வந்து, பிலிமின் ஃபிரேம்கள் அப்படியே கிடைக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஃபீல்டிலும் கை இரட்டையாகத் தெரிந்தால், பால் கசெற்றை மாற்றுக் கருவியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். வேறெங்கும் இல்லாத காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரொறன்ரோவில் மூன்றும் இரண்டும் வந்ததைக் கண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

குரல் கீச்சென்று இருக்கிறது, பதிவுகளின் நீளமும் ஒத்துவரவில்லை

24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டியதால் வருவது. 120 நிமிடப் படம் பாலில் 115 நிமிடம் 12 வினாடியில் முடிந்துவிடும்; குரலின் சுருதியும் சுமார் 4 சதவீதம் ஏறும். என்.டி.எஸ்.சி.யில் அதே படம் 120 நிமிடம் 7 வினாடி. எல்லாவற்றையும் வினாடிக்கு 24க்குக் கொண்டுவந்த பிறகே நீளத்தை ஒப்பிடுங்கள்.

ஒரு முக்கியமான ஒழுங்கு: மின்சார இரைச்சலை வேகத்தைக் குறைக்குமுன் எடுத்துவிடுங்கள். நல்லூரில் அது 50 ஹேர்ட்ஸ். குறைத்த பிறகு 48 ஆகிவிடும், 50க்கு வைத்த வடிகட்டி அதைத் தொடாது. ரொறன்ரோவில் 60 ஹேர்ட்ஸ், ஏனென்றால் கனடா மின்சாரம் அப்படி. வசனம் மந்தமாகக் கேட்டால் சமன்படுத்தியில் உயர் ஒலியைக் கூட்டுமுன், டெக்கின் ஒலி ஹெட்டின் சாய்வைச் சற்றே திருப்பிப் பாருங்கள். அழிந்தது என்று நினைத்த “ச”வும் “ஷ”வும் நாடாவில் அப்படியே இருக்கலாம். நல்லூரில் ஒரு மாமி பேசுகிற யாழ்ப்பாணப் பேச்சு அந்த ஒரு ஸ்க்ரூவோடு திரும்பி வந்தது.

இரண்டு பதிவும் கொஞ்ச நேரம் ஒத்து ஓடிப் பிறகு விலகுகின்றன

இந்த வேலையில் மிக நீண்ட கட்டம் இதுதான், அவசரப்படக் கூடாததும் இதுதான். படம் முழுவதையும் ஓரிடத்தில் பூட்டி மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு ஷொட்டும் ஒரு முளை. ஷொட் மாறுகிற ஃபிரேம் எண்ணை மூன்று பதிவிலும் எழுதி ஒரு அட்டவணை செய்யுங்கள். எங்கள் படத்தில் 812 ஷொட்டுகள் வந்தன. வீடியோ ஃபிரேமை எண்ணக் கூடாது. மேலே சொன்னபடி மீட்ட பிலிம் ஃபிரேமை எண்ண வேண்டும். அப்போது ஒரு ஷொட்டின் நீளம் மூன்றிலும் ஒன்றாக இருக்கும். ஒன்றில் குறைந்தால் அங்கே ஃபிரேம் போயிருக்கிறது.

போகிற இடங்கள் இரண்டு. ஒன்று விளம்பர இடைவேளை. பதிந்தவர் அதை நிறுத்தித் திரும்ப அமுக்கும்போது இரண்டு, மூன்று வினாடி போய்விடும். மற்றது ரீல் முடிவு. 35 மி.மீ. பிலிமில் 1000 அடி ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ரீல் முடியப் போகும்போது மேல் வலது மூலையில் ஒரு வட்டப் புள்ளி வந்து போய், சில வினாடி கழித்து மறுபடி வரும். தியேட்டரில் ஓடிய பிரதிக்கு அதிகம் அடிபடுவது அந்த முனைகளில்தான்; அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்திருக்கும். அந்தப் புள்ளிகளையும் பெரிய கீறல்களையும் ஒப்பிட்டபோது, நல்லூரும் லண்டனும் ஒரே பிலிம் பிரதியிலிருந்து வந்தவை, ரொறன்ரோ வேறு பிரதி என்று தெரிந்தது. அதனால் ரீல் முனைகளில் முதல் இரண்டும் சேர்ந்தே தடுக்கி விழ, ரொறன்ரோ அங்கே முழுதாக நிற்கிறது. மூன்று பதிவு இருந்தாலும் பிலிம் என்று பார்த்தால் எங்களிடம் இரண்டுதான். வாக்கெடுப்பு மாதிரி “மூன்றில் இரண்டு” என்று முடிவெடுக்க முடியாது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

எண் பொருந்திய பிறகு வடிவம். ஒவ்வொரு டெலிசினியும் படத்தைக் கொஞ்சம் வேறு அளவில், வேறு சாய்வில் பிடித்திருக்கும். பெருப்பித்து, நகர்த்தி, வளைத்துப் பொருத்துங்கள். அரைப் பிக்சல் விலகினாலும் கண் இமை மங்கிவிடும்.

முகங்கள் குண்டாக இருக்கின்றன, அல்லது தலை வெட்டுப்பட்டிருக்கிறது

இரண்டும் 4:3 படத்தை 16:9 திரைக்கு ஏற்றிய வேலை. குண்டு முகம் இழுத்ததால் வந்தது. அகலத்தை நான்கில் மூன்றாக ஒடுக்கினால் சரி. தலை வெட்டுப்பட்டிருந்தால் உயரத்தில் கால் பங்கு போய்விட்டது, அது அந்தப் பதிவில் இல்லை. லண்டனின் இரண்டாம் பாதி அப்படி. ஆனாலும் மீதமுள்ள முக்கால் பங்கு நல்லூரைவிடக் கூர்மை. நடுப்பகுதிக்கு லண்டன், மேலும் கீழும் நல்லூர் என்று ஒட்டினோம்.

நிலையத்தின் சின்னமும் ஓடுகிற செய்தி வரியும் படத்தை மறைக்கின்றன

சின்னம் ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறு மூலையில் இருப்பது பெரிய உதவி. அந்தச் சதுரத்தை மட்டும், விளிம்பு மென்மையாக, மற்றப் பதிவிலிருந்து வையுங்கள். சின்னத்தை மங்கலாக்கி மறைக்கிற கருவிகள் வேண்டாம். லண்டனின் இருட்டுக் காட்சிகளில் தெரிகிற சதுரக் கட்டங்களுக்கும் இதே வழிதான். டிஜிட்டல் அமுக்கத்தில் போன நுணுக்கத்தை எதுவும் திருப்பித் தராது.

சேர்த்த பிறகு படம் மூச்சு விடுவது போல் துடிக்கிறது

ஃபிரேமுக்கு ஃபிரேம் மூலப் பதிவு மாறுவதால் வருகிறது. எந்தப் பதிவு என்பதை ஷொட்டுக்கு ஒரு முறை மட்டும் முடிவு செய்யுங்கள். வெளிச்ச வளைகோட்டையும் ஷொட் ஷொட்டாகவே பொருத்துங்கள். ஒரு ஷொட்டுக்கு நடுவில் ஒட்ட நேர்ந்தால் ஒட்டுக்கும் சுற்றுக்கும் ஒரே அளவு பிலிம் மணி (படத்தில் தெரிகிற பொடித் துகள்) இருக்க வேண்டும். மிகச் சுத்தமான ஒட்டுத்தான் கண்ணை உறுத்தும்.

ஒரு காட்சி எந்தப் பதிவிலும் இல்லை

எங்கள் படத்தில் தோணி கரைக்கு வருகிற இடத்தில் 11 வினாடி மூன்றிலும் இல்லை. செயற்கை நுண்ணறிவால் நிரப்பலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மங்கலான முகங்களுக்கு அதை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பல்லும் கண்ணும் தெளிவாக வந்தன. ஆனால் அது வேறு யாரோ ஒருவரின் முகம். அந்த நடிகர்களின் பிள்ளைகள் இங்கேயும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. 11 வினாடியும் திரை கறுப்பாக இருக்கும். காட்சி கிடைக்கவில்லை என்று ஒரு வரி தமிழில் வரும்.

முடிந்த படத்தோடு ஷொட் அட்டவணையையும் சேர்த்து வையுங்கள்: எந்த ஷொட், எந்தப் பதிவு, என்ன திருத்தம். நாளை நான்காவது கசெற் ஒன்று யாருடைய பரணிலிருந்தாவது வந்தால், அதைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் மாற்றலாம். கசெற்றுகளையும் எறியாதீர்கள். ஹெட்டிலிருந்து வருகிற மூல மின்னலையை நேரே பதிந்து, மீதியைக் கணினியில் பிரிக்கிற முறை இப்போது வந்திருக்கிறது. நல்லூரை அந்த வழியில் இன்னொரு தடவை எடுக்க இருக்கிறோம். அதுவரை அது நிமிர்த்தி வைத்தபடி, சிலிக்கா ஜெல் பொதியோடு, நிலத்திலிருந்து உயரமான தட்டில் இருக்கிறது.